பக்கத்து இடம்

மாஸ்டருடைய அண்ணன் இறந்துபோன தகவல் வந்தபோது முதல் அடுப்பு ரொட்டி இன்னும் வெந்து முடியவில்லை. தகவல் கொண்டுவந்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டு, மாஸ்டர் அடுப்பின் இரும்புக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே பார்த்தார். மறுபடி மூடினார். "இது வெந்துடட்டும்" என்றார். ரொட்டி வெந்து, அச்சிலிருந்து தட்டி எடுத்து, நான் பலகையில் அடுக்கி முடிக்கிறவரைக்கும் வேறு பேச்சில்லை. அதற்குப் பிறகுதான் மூலையில் கிடந்த மைதா மூட்டைமேல் உட்கார்ந்து, முழங்கை வரை அப்பியிருந்த மாவோடு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவர் மனைவி ஈரத்துணி கொண்டுவந்து அவர் கைகளை விரல் விரலாகத் துடைத்துவிட்டாள்.  "மூஞ்சியெல்லாம் மாவு. இப்படியே போனா அங்க குழந்தைங்க பயப்படும்" என்றாள்.

அந்த ரொட்டிக்கடையில் நான் முன்பக்கம் நின்று பொட்டலம் கட்டிக் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. காலையில் வெளிச்சம் வருகிற நேரத்துக்குப் போனால், தெருமுனையிலேயே வாசனை வந்து கையைப் பிடித்து இழுக்கும். முன்னால் கடை. நடுவில் மாவு பிசைகிற அறை. அதற்குப் பின்னால் விறகடுப்பு, ஆள் படுக்கிற அளவுக்குப் பெரிது. அடுப்பைத் தாண்டி இருந்த ஒரு அறையும் சமையல்கட்டும்தான் அவர்கள் வீடு. அடுப்புச் சுவரை ஒட்டிய அறை என்பதால் மழைக்காலத்தில் சொர்க்கம், வெயில்காலத்தில் இருக்க முடியாது.

அந்த அறையில் ஒரு சுவரில் மாஸ்டர் மனைவியின் சாமி படங்களும் விளக்கும். எதிர்ச்சுவரில் மாஸ்டரின் மரச்சிலுவை. நடுவில் துணி காயப்போடும் கொடி. "மழை பிடிச்சா ரெண்டு பேரு கண்ணையும் மறைச்சுக்கிட்டு என் பாவாடைதான் தொங்கும்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். நான் அவளை அக்கா என்பேன். தெருவில் எல்லாருக்கும் அவள் ரொட்டிக்காரம்மா.

அவர்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. நீ என்னை மாறச் சொல்லாதே, நானும் உன்னைச் சொல்ல மாட்டேன் என்பது பேச்சு. அந்தப் பேச்சில்தான் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். அக்கா கோயிலுக்குப் போகிற நாளில் அவர் வந்து கல்லாவில் உட்கார்ந்து சில்லறையைத் தப்பாகக் கொடுத்து வைப்பார். ஒரே மகள் வேறு ஊரில் நர்ஸ். அவளுக்கு இரண்டு சுவரும் பழக்கம். பரீட்சைக்குப் போகும்போது இந்தப் பக்கம் ஒரு கும்பிடு, அந்தப் பக்கம் ஒரு கும்பிடு, எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்புக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போன பெண்.

அண்ணனை அடக்கம் பண்ணிய அன்று தூறல் விடவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் குழம்பாகக் கிடந்தது. மாஸ்டரின் அப்பா அம்மா ஒரே குழியில் இருந்தார்கள், முதலில் அவர், சில வருஷம் கழித்து அதையே திறந்து அந்த அம்மா. அதற்கு அடுத்த குழி அண்ணனுக்கு. அதையும் தாண்டி மதில் ஓரமாகக் கொஞ்சம் இடம் புல் மூடிக் கிடந்தது.

அக்கா, அண்ணனின் மனைவியைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். நான் அவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். சபைச் செயலாளர் மாஸ்டரிடம் வந்து, மெதுவாகப் பேசுகிறதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மதில் ஓரம் உள்ளது உங்க இடம். உங்க அப்பா அப்பவே எழுதி வாங்கினது. கவலைப்படாதீங்க."

மாஸ்டர் அந்தப் புல்லைப் பார்த்தார். "என் வீட்டுக்காரிக்கு?"

"ஞானஸ்நானம் வாங்கிட்டாங்கன்னா அதே குழிதான், உங்க அப்பா அம்மா மாதிரி. இல்லாட்டி விதியில இடமில்லைங்க. நான் போட்ட விதி இல்லை அது."

அக்காவின் கை அண்ணியின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு மாஸ்டர் வேறு ஆளாகிவிட்டார். சாதாரணமாகவே அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வருஷக்கணக்காக மாவுத்தூசியைச் சுவாசித்ததில் ஒரு இருமல் உண்டு, பாதிப் பேச்சை அது தின்றுவிடும். இப்போது மீதிப் பாதியும் போய்விட்டது. மாவை உருட்டிக்கொண்டே எங்கேயோ பார்ப்பார். பன் ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக வர ஆரம்பித்தது.

ஒருநாள் காலை வியாபாரம் ஓய்ந்த பிறகு மூன்று பேரும் மாவுப் பலகையைச் சுற்றி நின்றோம். அவர் உருட்டினார், அக்கா அச்சுகளுக்கு எண்ணெய் தடவினாள், நான் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் மாஸ்டர்.

"கேளுங்க."

"கோவப்படக் கூடாது."

"அப்போ கேக்காதீங்க."

நான் சிரித்துவிட்டேன். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"செயலாளர் சொன்னாரில்லே. அது ஒண்ணும் பெரிய வேலையில்லை. கொஞ்ச நாளு வகுப்பு வைப்பாங்க. அப்புறம் தலையில தண்ணி ஊத்துவாங்க, ஒரு பேரு வைப்பாங்க. அவ்வளவுதான். வீட்ல நீ எப்பவும் போல விளக்கு ஏத்து. யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?"

அக்கா கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தாள்.

"எங்க அப்பா என்னை வாசல்ல நிக்க வச்சுக் கதவைச் சாத்தினாரு. உங்க சித்தப்பாவும், பொண்ணை மதம் மாத்திக் கூட்டிட்டு வாடான்னாரு. அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லைங்கலை. அது உயிரோட இருக்கறதுக்குச் சொன்னது."

"இது?"

"இது அதுக்கப்புறம் இருக்கறதுக்கு."

"அதுக்கப்புறம் நான் வேற பேர்ல இருக்கணுமா?" அவள் குரல் உயரவில்லை. "இந்தத் தெருவுல நான் ரொட்டிக்காரம்மா. பொண்ணுக்கு அம்மா. இவளுக்கு அக்கா. எங்க வீட்ல என் பேரை எடுத்தே எத்தனையோ வருஷமாச்சு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடற ஆளு இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான். நீங்களே வேற பேரு வச்சுக்கன்னு சொன்னா, நான் யாருங்க?"

மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்தது. அது நிற்பதற்குள் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாவில் அவர் உப்புப் போட மறந்துபோனார். பார்க்க ரொட்டி பொன்னாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரர் ஒரு துண்டைக் கடித்த வாக்கிலேயே கொண்டுவந்து நீட்டினார். "மாஸ்டர் யாருக்குப் பத்தியச் சாப்பாடு போடறாரு?" என்றார். ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். நான் காசைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் கடையில் அப்படி நடந்ததே இல்லை.

மாவு மண்டி பாய் மூட்டை இறக்க வந்தவர் கல்லறை இடத் தகராறைக் கேட்டு, ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றபடி நிதானமாகச் சொன்னார்.

"எங்கள்ல இந்தத் தகராறே கிடையாதும்மா. எந்த இடம் காலியோ அங்கதான். எங்க அத்தா பக்கத்துல ஒரு சைக்கிள் கடைக்காரர் கிடக்காரு. உயிரோட இருக்கும்போது ரெண்டு பேருக்கும் ஆகாது. எங்கம்மா அந்தக் கோடியில, யார் யாரோடயோ. நான் போனா ரெண்டு பக்கமும் நடந்து நடந்து கால் வலிக்குது."

"எங்கள்ல அந்த நடையும் இல்லை" என்றாள் அக்கா. "சாம்பலை ஆத்துல விட்டுடுவாங்க. எங்கம்மா போன தண்ணியில எங்கப்பா போகலை. ஆறு ஒண்ணுதான், தண்ணி நிக்குமா?"

"அப்போ யாருமே சேந்து இல்லைங்கறே."

"அதைத்தான் அந்த மனுஷனுக்கு நீங்க சொல்லுங்க."

பாய் மாவு அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாய் மீதிப் பன்னைத் தின்றுகொண்டே போய்விட்டார்.

அதற்கப்புறம் இருவரும் நேரில் பேசுவதை விட்டுவிட்டார்கள். இரண்டு எட்டு தூரத்தில் மாஸ்டர் நிற்பார். அக்கா என்னைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வைக்கவான்னு கேளு" என்பாள். அவர் என்னைப் பார்த்து, "பசியில்லைன்னு சொல்லு" என்பார். "பசியில்லைன்னா மாத்திரை எப்படிப் போடறதாம், கேளு." நான் யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

விஷயம் எப்படியோ மகள் காதுக்குப் போய்விட்டது. நான்தான் சொன்னேன் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். நான் சொல்லவில்லை. டீக்கடைக்காரராக இருக்கும். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"உயிரோட உக்காந்துக்கிட்டு எந்தக் குழியில படுக்கறதுன்னு சண்டையா? ஆஸ்பத்திரியில நான் தினமும் பாக்கறேன். ஒரு நாள் கிடைச்சாப் போதும்னு கெஞ்சறாங்க."

"சண்டை இல்லை" என்றார் மாஸ்டர்.

"அப்போ ஏன் ரொட்டியில உப்பு இல்லை?"

அவர் முகத்தைப் பார்த்து மகள் கொஞ்சம் தணிந்தாள். தரையில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட்டாள்.

"அப்பா, நீங்க அம்மா பக்கம் வந்துடுங்களேன். ரெண்டு பேரையும் எரிச்சு ஒரே தண்ணியில விட்டுடறேன். யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

மாஸ்டர் தன் கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரோமமே இல்லை, பளபளவென்று சுட்ட தழும்புகள்.

"சின்ன வயசுலேருந்து நெருப்பு முன்னாடிதான் நிக்கிறேன். செத்தப்புறமாவது குளுகுளுன்னு மண்ணுக்குள்ள கிடக்கணும்மா. அதைக் கேக்காதே."

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கறே? எனக்கு மண்ணுன்னா பயம்" என்றாள் அக்கா. "மேல பெட்டி, அதுக்கு மேல மண்ணு, அதுக்கு மேல மழை. அன்னைக்கு அவங்க அண்ணனை இறக்கினப்போ எனக்கு மூச்சு முட்டுச்சு."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெத்தவங்களா நீங்க, எனக்குன்னு இப்படி ஒரு கணக்கை வச்சுட்டுப் போறீங்க" என்று எழுந்து முகம் கழுவப் போனாள். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. மறுநாள் பஸ் ஏறினாள்.

மாஸ்டரின் அண்ணி வந்தது அந்த வாரக் கடைசியில். அண்ணன் உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், மாஸ்டருக்கு அளவாக இருக்குமா பார்க்க. மாஸ்டர் அப்போது தூக்கத்தில் இருந்தார். கடையில் கூட்டமில்லை. அக்கா டீ வைத்துக் கொடுத்தாள். அண்ணி ரஸ்க்கை நனைத்து, நனைத்ததைத் தின்னாமல் கரைய விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லலை?" அண்ணி சிரித்தாள். உடனே அந்தச் சிரிப்பு போய்விட்டது. "ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதே. அவரும் நானும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டுப் பேசாம எத்தனை வருஷம் இருந்தோம் தெரியுமா? அவர் கை ஓங்கின நாள்லேருந்து நான் சமையல்கட்டுல படுத்துக்கிட்டேன். வெளியில யாருக்கும் தெரியாது. இப்போ செயலாளர் வந்து, கவலைப்படாதீங்கம்மா, உங்களுக்கு அவரு மேலயே இடம் இருக்குன்னு ஆறுதல் சொல்லிட்டுப் போறாரு."

அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்கு வேண்டாம்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்? நான் ஞானஸ்நானம் வாங்கினவ. எனக்கு இடம் உண்டு. அதனால யாரும் என்னைக் கேக்கவே இல்லை."

அண்ணி போன பிறகு அக்கா வெகுநேரம் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினதையே மறுபடி கழுவினாள்.

"கேட்டியா?" என்றாள் என்னிடம். "அவங்களை யாரும் கேக்கலையாம். இந்த மனுஷன் கேட்டாரு. கேட்டதுக்குத்தான் நான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கேன்."

"அதுக்காக ஒத்துக்கப் போறீங்களா அக்கா?"

"பேரு போனா போகுது. அவரு வாயில பழைய பேருதான் வரும். எத்தனை வருஷப் பழக்கம், நாக்கு மாறுமா?"

மாஸ்டர் எழுந்து வந்ததும் என்னை நடுவில் வைக்காமல் நேராகச் சொன்னாள். "நாளைக்கு உங்க பாதிரியாரைப் போய்ப் பாக்கலாம். இவளும் துணைக்கு வரட்டும்." அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. "உனக்கு மனசு இருக்கா?" என்று கேட்டார். "நீங்க சட்டையைத் தேய்ச்சு வையுங்க" என்றாள்.

பாதிரியார் சின்ன வயசுக்காரர். எங்கள் கடை ரொட்டிதான் அவருக்கும். எழுந்து நின்று நாற்காலி போட்டார். செயலாளரும் அங்கேயே மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைத் தானே சொன்னாள்.

பாதிரியார் கவனமாகக் கேட்டார். பிறகு, "அம்மா, நான் ஒண்ணு மட்டும் கேக்கணும். இது உங்க முழு விசுவாசத்தோட வர்ற முடிவுதானே? மனசார நம்பறீங்களா?" என்றார்.

"அவரு பக்கத்துல படுக்கணும்னு மனசார இருக்கு ஃபாதர்."

"அது சரிம்மா. நான் கேக்கறது வேற."

"தெரியுது. உங்க சாமியும் என் வீட்லதான் இருக்காரு. நான்தான் தூசி தட்டறேன். கும்பிடாம நான் தாண்டிப் போனதில்லை. ஆனா என் சாமியை இறக்கிட்டு இவரை மட்டும்தான்னு சொல்லச் சொன்னா, எனக்கு வராது. வாயால சொல்லலாம். பொய்யாப் போயிடும்."

செயலாளர் பேனாவை மூடாமலே தலையைத் தூக்கினார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அவரவர் மனசுல என்ன இருக்குன்னு யாரு பாக்கறா?"

"இவங்க பாக்கறாங்களே" என்றார் பாதிரியார். கைகளைக் கோத்துக்கொண்டார். "பொய்னு நீங்களே சொன்னப்புறம் நான் தண்ணி ஊத்தினா, அது உங்களுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை. மன்னிச்சுக்குங்க."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது மாஸ்டர் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஃபாதர், ஜனங்களுக்கு விடியக்காலம் ரொட்டி வேணும். அதனால இவ பாயை விரிக்கிறப்போ நான் மாவுல கை வைப்பேன். நான் வந்து படுக்கறப்போ இவ கடையில நிப்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான். இவ எழுந்து போன சூடு பாயில இருக்கும், அதுல நான் படுப்பேன். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத் தூங்கினதே இல்லை. பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரியில ரெண்டு நாள், அதுவும் நான் கீழ தரையில. அண்ணனைப் புதைச்ச அன்னைக்கு அந்த இடத்தைப் பாத்தேன். இங்கயாவது வேலை இருக்காது, ஒண்ணாப் படுத்துக்கலாம்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்லை. இவளை மாத்தணும்னு சத்தியமா நினைக்கலை."

 செயலாளர் பேனாவை மூடினார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றாள்.

"எப்பச் சொல்றது? நான் முழிச்சிருக்கறப்போ நீ தூங்கறே."

மாஸ்டர் எழுந்தார். பாதிரியாரைக் கும்பிட்டார். அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "வா, போகலாம்" என்றார். வெளியே வெயில் அடித்தது. சாலையைக் கடக்கும்போது அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நாலடி பின்னால் போனேன். கடை வரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை. 

மதில் ஓரத்து இடம் மாஸ்டருக்குத்தான் என்பதில் மாற்றமில்லை. அக்காவுக்கு அங்கே இடமில்லை என்பதிலும் மாற்றமில்லை. யார் முதலில் என்பதை யாரும் பேசுவதில்லை. அண்ணியின் விஷயத்தை அக்கா பாதிரியாரிடம் பிறகு தனியாகப் போய்ப் பேசினாள் என்று கேள்வி. என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

கடையில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. மதியச் சாப்பாடு ஆனதும் ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிடுவார்கள். சாயங்காலப் பன் போடுகிற நேரத்துக்குத்தான் தூக்குவது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மத்தியானம் ரஸ்க் வாங்க வருகிற டீக்கடைக்காரர், "ரெண்டு பேரும் வயசான காலத்துல தூங்கி வழியறாங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். நான் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் வர ஆரம்பித்தேன்.

ஒரு சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அக்கா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தூங்கலையா அக்கா?"

"எங்க தூங்கறது? அந்த மனுஷன் குறட்டை விடறாரு. ரம்பம் போட்டு அறுக்கற மாதிரி. இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கையில் இருந்த தட்டைத் துடைத்து முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"சரி, காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத் தூங்குங்க."

"வச்சுப் பாத்தேன். அது இன்னும் மோசம்" என்றாள். "நடுவுல நடுவுல அந்தச் சத்தம் நின்னுபோகுது. நின்னா எழுந்து உக்காந்து, அவரு மூக்குல கை வச்சுப் பாக்கறேன்."